கேலியத்துக்கும் ஜெர்மானியத்துக்கும் விட்ட இடம்

எனக்கு ஒரு பெரியப்பா மகள் உண்டு. என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அக்கா என்று கூப்பிடச் சொல்லி அம்மா என் தலையில் குட்டியிருக்கிறாள். நான் கூப்பிட்டதில்லை. முந்திப் பிறந்தது ஒரு தகுதியா என்று எரிச்சல்.

எரிச்சல் என்பது மரியாதைக்குச் சொல்வது. பொறாமை. பெரியப்பாவுக்கு விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சொந்த யூனிட் இருந்தது. பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டையும் சூளையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் முதலில் செல்போன் வைத்திருந்தவரும் அவர்தான். என் அப்பா வேப்பூர் பஸ்ஸில் கண்டக்டர். அவளுக்கு முடி நீளம். அவள் சிரித்தால் கணக்கு வாத்தியாரே பிரம்பைக் கீழே வைத்துவிடுவார். கெமிஸ்ட்ரியில் மட்டும் நான் அவளுக்கு மேலே. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது, பள்ளிக் கண்காட்சிக்குத் தனிம அட்டவணை செய்துவரச் சொன்னார் கெமிஸ்ட்ரி மிஸ். முதல் பரிசு வாங்குவது கடலூர் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மனதுக்குள் கடலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய வெள்ளை சார்ட்டில் கட்டம் கட்டமாக வரைந்தேன். குறுக்கே போனால் அணு எண் ஒவ்வொன்றாக ஏறும். நெடுக்கே இறங்கினால் ஒரே குணமுள்ளவை வரும், பங்காளி வீடுகள் வரிசையாக இருப்பதுபோல. இடது ஓரத்தில் தண்ணீர் பட்டாலே சீறும் கார உலோகங்கள், வலது ஓரத்தில் யாரோடும் ஒட்டாத மந்த வாயுக்கள். அவற்றுக்குப் பக்கத்தில் உப்பீனிகள் என்று ஒரு கூட்டம், குளோரின், புரோமின் எல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எலக்ட்ரான் குறைவு. அதை எவரிடமாவது பிடுங்கும்வரை சும்மா இருக்காது. எனக்கு அவற்றைத்தான் பிடிக்கும்.

கண்காட்சியன்று அவள் வந்தாள். பின்னால் யூனிட் ஆட்கள் இருவர் ஒரு பலகையைத் தூக்கி வந்தார்கள். பலகை முழுக்கச் சின்னச் சின்னப் பீங்கான் ஓடுகள், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒன்று, ஆணியில் மாட்டியிருந்தது. கோபால்ட் ஓட்டில் இருந்த நீலம் கோபால்ட்டாலேயே வந்த நீலம். இரும்பு ஓட்டின் பழுப்பு இரும்பின் பழுப்பு. செம்பு பச்சையாக மின்னியது. என் கோபால்ட்டில் இருந்தது ஸ்கெட்ச் பேனா மை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு சூளையையே மூட்டியிருக்கலாம்.

அப்புறம்தான் கவனித்தேன், நடுவில் இரண்டு ஆணிகள் வெறுமனே இருந்தன.

"என்னடி ஆச்சு?" என்றேன், வருத்தப்படுகிறவள் மாதிரி.

"கிளேஸுல முக்குனப்போ அம்மா சாப்புடக் கூப்புட்டாங்க. ரெண்டு ஓட்டுக்கு அடியத் தொடைக்க மறந்துட்டேன்."

கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கியெடுத்த ஓட்டின் அடியைத் துடைக்காவிட்டால், சூளையில் அந்தப் பூச்சு உருகி, ஓடு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். துத்தநாகம் வரைக்கும் ஒழுங்காகத் துடைத்தவள், சாப்பிட்டு வந்து ஆர்சனிக்கில் ஆரம்பித்திருக்கிறாள். நடுவில் இருந்த கேலியமும் ஜெர்மானியமும் தட்டோடு ஒட்டி, பெயர்க்கும்போது உடைந்துபோயின. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பரிசு தேர்ந்தெடுக்க ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்திருந்தார். அவர் அந்தப் பலகை முன்னால் நின்று ஓடுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், இதுல ரெண்டு தனிமம் இல்லீங்க சார். அலுமினியத்துக்குக் கீழ ஒண்ணு, சிலிக்கனுக்குக் கீழ ஒண்ணு."

அவர் முகம் சுளிக்கவில்லை, மலர்ந்தது. "அட, மொதமொதல்ல அட்டவண போட்ட ரஷ்யாக்காரரும் இந்த ரெண்டு எடத்தையும் காலியாத்தாம்மா வுட்டாரு. இங்க வர வேண்டியத இன்னும் யாரும் கண்டுபுடிக்கல, வந்தா இப்படி இருக்கும்னு முன்னாடியே சொன்னாரு. எத வெச்சு சொன்னாரு?" என்று அவளைக் கேட்டார்.

அவள் விழித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கடலூர் எனக்கு. ஆனால் தெரிந்த பதிலை வைத்துக்கொண்டு சும்மா நிற்க எனக்கு வராது.

"மேல இருக்கறத வெச்சுங்க சார். ரெண்டு அலுமினியம் மூணு ஆக்சிஜனோட சேருது. அப்ப அதுக்குக் கீழ வர்றதும் அப்படித்தான் சேரணும். ஒரு சிலிக்கன் ரெண்டு ஆக்சிஜனோட சேருது. அதுக்குக் கீழ வர்றது சிலிக்கனுக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவுல ஒரு குணத்தோட இருக்கும்."

"பிரமாதம்! நீங்க ரெண்டு பேரும் ஒரே டீமா?"

இல்லை என்று நான் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஆமாங்க சார். செஞ்சது நானு, வெளக்கறது அவ."

பலகைக்கு முதல் பரிசு. என் சார்ட் சுவரில் ஒரு மூலை பசை விட்டுத் தொங்கியது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம்மாம் பெரிய மனசு பாரு அந்தப் பொண்ணுக்கு" என்று வீட்டில் அம்மா உருகினாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் என்னிடமிருந்து பறித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கொடுத்துவிட்டாள். கொடுப்பதற்கும் அவளிடம்தான் இருந்தது.

கடலூர் புறப்பட்ட அன்று காலை, பஸ் ஸ்டாண்டில் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் ஒரு நியூஸ் பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே புதிதாக இரண்டு ஓடுகள், பளபளவென்று.

"அப்பா தனியா சுட்டுக் குடுத்தாங்க. மாட்டிரலாமா?"

அந்த இரண்டு ஆணிகளைப் பார்த்தேன். அவை நிரம்பிவிட்டால் பலகை முழுசாகிவிடும். எல்லோரும் நிறத்தைப் பார்த்து அதிசயிப்பார்கள், அது அவளுடையது. இங்கே ஏன் இடம் விட்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வி வராவிட்டால் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் எனக்கு என்ன வேலை?

"அக்கா, அத மாட்டாத."

அதுதான் முதல் தடவை. அதுவும் கெஞ்சுவதற்கு.

அவள் இரண்டு ஓடுகளையும் பேப்பரில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளை வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். பஸ் வந்ததும் ஜன்னலோர சீட்டையும் எனக்கே விட்டுக்கொடுத்தாள், பாவி.