படையலில் ஒரு கீஷ்

அக்காவின் படையலுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டபோது நான் "கீஷ்" என்று சொன்னேன். நிறையப் படித்தவன் என்று உறவில் பெயரெடுத்த ஐம்பது தாண்டிய மனிதன், திண்டிவனத்தில், துக்க வீட்டில், சுட்ட கருவாட்டுக்கும் கேப்பைக் கூழுக்கும் நடுவில் அதைச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், அது பிரெஞ்சுக்காரர்கள் சாப்பிடுவது என்று விளக்கமும் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு முதல் நாள் சாயங்காலம் படைப்பார்கள். செத்தவருக்கு என்னவெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று ஏற்பாடு.

அக்காவின் நாத்தனார்தான் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அக்கா மகள், "அம்மாவுக்கு பன்னீர் சோடான்னா உயிரு அத்தை" என்றாள். எதிர்வீட்டுக்காரம்மா சுட்ட கருவாடு என்றார். இன்னொருவர் பழைய கேப்பைக் கூழும் பச்சை வெங்காயமும் என்றார். ஒருவரும் யோசிக்கவில்லை. கேட்டதும் வந்து விழுந்தது.

"நீ சொல்லு தம்பி. கூடப் பொறந்தவன் நீ."

நான் தேடினேன். அக்கா எனக்கு வைத்த மீன் குழம்பு ஞாபகம் வந்தது. எனக்கென்று வறுத்துக் கட்டிக்கொடுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஞாபகம் வந்தது. விழுப்புரத்திலிருந்து நான் எப்போது போனாலும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த களைப்பு தீருமுன் என் முன்னால் தட்டு வந்துவிடும். அவளுக்கு எது பிடிக்கும் என்று தேடினால், எல்லா ஞாபகத்திலும் அவள் நின்றுகொண்டு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மூன்று வருடம் முன்பு கண் காட்டுவதற்காகப் புதுச்சேரிக்கு வந்திருந்தாள், வீட்டுக்காரரோடு. நான் பெருமையாக இருவரையும் கடற்கரைப் பக்கம் ஒரு பேக்கரிக்கு அழைத்துப் போய் கீஷ் வாங்கிக் கொடுத்தேன். மைதா மாவில் கிண்ணம் போல் ஓடு செய்து, உள்ளே முட்டை, பால், சீஸ், வெங்காயம் கலந்து ஊற்றிச் சுடுவது. அதன் வரலாற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கொஞ்சம் சாப்பிட்டாள். "நல்லாக்கீதுடா. மீதிய கட்டிக் குடுக்கச் சொல்லு, வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்" என்றாள். கட்டிக்கொண்டு போகிற அளவுக்குப் பிடித்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு போனில் பேசும்போதெல்லாம், "எப்படா எனக்கு அந்த வெள்ளக்கார அடை?" என்று கேட்பாள். பண்ணிக்கொண்டு வருகிறேன் என்பேன். போன மாதம் மார்வலி என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அதனால்தான் கீஷ் என்றேன்.

நாத்தனார் என் முகத்தைப் பார்த்தார். "அது காரமா இனிப்பா? அத மட்டும் சொல்லிடு. எலையில எந்தப் பக்கம் எடம் வுடறதுன்னு தெரியணும்."

"உப்புக் காரம்தாங்க. நானே பண்ணி எடுத்துக்கினு வர்றேன்."

விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் கேக் சுடுகிற ஓவன் கிடையாது. குக்கரில் கேஸ்கெட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைக் கொட்டி, அதன்மேல் தட்டை வைத்துச் சுடலாம் என்று வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். வெண்ணெய் சில்லென்று இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவள் விழுப்புரத்து வெயிலைப் பார்த்ததில்லை. மாவில் போடுமுன் வெண்ணெய் எண்ணெயாகிவிட்டது. முதல் ஓடு கல் மாதிரி வந்தது. இரண்டாவது நடுவில் விரிசல் விட்டு, அதன் வழியாக முட்டைப்பால் எல்லாம் உப்பில் இறங்கிவிட்டது.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "செத்தவங்களுக்குத்தானே, கொஞ்சம் வேகலன்னாலும் பரவால்லன்னு வுட்றாதீங்க. படைச்சி முடிச்சிட்டு நாமதான் துன்னணும்."

மூன்றாவது மாவைத் தட்டில் அழுத்தும்போது, 'எப்படா' என்று அக்கா கேட்கிற குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றேன்.

"வெங்காயத்த இன்னும் உரிக்கவே இல்லீங்க" என்றாள் மனைவி. பிறகு அவளே வந்து உரித்துக் கொடுத்தாள்.

மூன்றாவது தேறியது. ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் வெளுப்பு. பெரிய எவர்சில்வர் டப்பாவில் வைத்து மடியில் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் மயிலம் போகிற அம்மா ஒருவர் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாங்க அது, கேக்கா? பொறந்த நாளா?"

"இல்லைங்க. கருமாதி."

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது மட்டும் டப்பா மூடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் படைத்தார்கள். கருவாட்டுக்கும் பன்னீர் சோடாவுக்கும் இடையில் என் கீஷுக்கு இடம் கிடைத்தது. அக்காவின் வீட்டுக்காரர் கற்பூரம் ஏற்றினார். கீஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு வந்தோம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இதைப் பற்றி மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். ஆனாலும் அன்றைக்குத் தெருவில் நின்றுகொண்டு, உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். ஆறிப்போயிருக்குமே, சூடாகக் கொடுத்திருக்கலாமே என்று கவலை வேறு.

கதவைத் திறந்ததும் நான்தான் முதலில் போனேன். கீஷின் ஓரத்தில் கருகிய பக்கம் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. பஸ்ஸின் குலுக்கலில் உதிர்ந்ததாக இருக்கும். எனக்கு அது தெரியும். இருந்தாலும் அந்தத் துணுக்கை யாரும் எடுக்கவிடாமல் நானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உப்பு போதவில்லை.

மற்றதை ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். பலர் கையில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் துண்டைக் கடைசி வரை சாப்பிட்டார்.

மறுநாள் காரியம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை அவர்தான் வந்தார், காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு. பஸ் வரவில்லை. பேச வேறு எதுவும் இல்லாததால், "அக்காவுக்குப் புடிச்சதுல ஒண்ணாவது நான் கரெக்டா வச்சேன், இல்லீங்களா" என்றேன்.

அவர் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவளுக்கு அது எறங்கவே இல்ல மச்சான். நீ மனசு சங்கடப்படுவன்னு கட்டி எடுத்துக்கினு வந்தா. அப்புறம் அந்தப் பேரச் சொல்லி உன்ன ஓட்டிக்கினே இருந்தா, நீ சிரிப்பன்னு. அன்னிக்கி இதே பஸ் ஸ்டாண்டுலதான் நாய்க்குப் போட்டா. அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சி."