கையுறைக்குள் மறைத்த காயம்

மலேசியாவின் லிங்கி தோட்டத்தில் நான் சிறுமியாக இருந்தபோது, விழுந்து காயத்தோடு வீட்டுக்குப் போனால் அப்பா முதலில் அடிப்பார், பிறகுதான் மருந்து. அதனால் காயத்தை மறைக்கப் பழகிவிட்டேன்.

இப்போது செனாவாங் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சென்ற மாதம் விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனபோது, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தின் மட்டை முள் உள்ளங்கையில் ஏறி ஒடிந்தது. சிவந்தது, வீங்கியது, காய்ச்சலும் வந்தது. எல்லாவற்றையும் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. கையுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவியதும், உடன் வேலை செய்யும் சாந்தி அக்கா என் கையுறையைக் கழற்றிப் பார்த்தார்.

“என்னா புள்ள, கை பன்னு மாதிரி வீங்கிருக்கு! ஏன் சொல்லல?”

“ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்கா.”

“முள்ளு குத்துனதுக்கு உன்னய ஏன் ஏசணும்? வா லா, மோட்டார்ல ஏறு!”

அக்காவின் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்த கிளினிக்கில் கீறி முள்ளை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் விரல்கள் மடங்காமலே போயிருக்கும் என்றார் மருத்துவர். என் கை பிழைத்தது அக்காவால்தான்.

இப்போது சிறு கீறல் என்றாலும் உடனே சொல்லிவிடுகிறேன். போன வாரம் அண்ணன் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, சிராய்த்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். “எங்க வலிக்குதும்மா?” என்று மட்டும் கேட்டேன். கையை நீட்டினாள்.