முத்தையாவின் ஆறு நாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முத்தையா இறந்துவிட்டார். காஜா பேராங்கில் என் கொப்பரைக் கடைக்கு வந்த லாரிக்காரர்தான் சொன்னார். தராசில் ஏற்றிய மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு அவர் தோட்டம் இருக்கும் புக்கிட் காதிலுக்குப் புறப்பட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். கப்பல் வேலைக்குப் போனவர், கரீபியன் கடலில் டிரினிடாட் தீவில் இறங்கி எட்டு ஆண்டு சிறு கொக்கோத் தோட்டம் நடத்தினார். ஊர் திரும்பி, மாமனாரின் மூன்று ஏக்கரிலும் கொக்கோவே வைத்தார். மாமனார் ரப்பர்க்காரர். "மொதக் காய்ப்பு விக்கலன்னா மரத்த வெட்டிப்புடுவேன்" என்று கெடு வைத்திருந்தார்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு அந்த முதல் காய்ப்பு. சிங்கப்பூரிலிருந்து வாங்குபவரை வரவழைத்தது நான். கொட்டை மரப்பெட்டியில், வாழையிலை மூடிப் புளித்துக்கொண்டிருந்தது. நான்காம் நாளே லாரியோடு போய் நின்றேன்.

"ஆறு நாள் ஆவணும், தவுக்கே" என்றார் முத்தையா; கடை முதலாளியான என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"வெள்ளிக்கெழம ஆள் வருது. காத்துக்கிட்டு நிக்குமா?"

"வரட்டும், சோறு போடறேன். கொட்ட வராது."

சண்டை போட்டு ஒரு மூட்டையை மட்டும் வாங்கிவந்து புகை கக்கும் என் கொப்பரைச் சூளையில் காயவைத்தேன். காயவைப்பதெல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பு. வந்தவர் ஒரு கொட்டையை நறுக்கி முகர்ந்தார். "இது என்ன, கருவாடா?" என்று கேட்டு, வாங்காமல் போய்விட்டார். முத்தையாவின் மரங்களை நானே வெட்டியது போலிருந்தது.

முத்தையா ஏசவில்லை. "கொப்பரைய அவசரப்படுத்துனாலும் எண்ண வரும், தவுக்கே. கொக்கோவ அவசரப்படுத்துனா கசப்புத்தான் வரும்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஆளைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். களத்தில் முத்தையாவும் மனைவி சரசுவும் காய்ந்த கொட்டை மேல் வெறுங்காலால் ஆடிக்கொண்டிருந்தார்கள். டிரினிடாட்டில் அப்படித்தான் மெருகேற்றுவார்களாம்.

"என்னண்ணே, தீமிதியா?" வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஆமா, விரதமில்லாத தீமிதி! நீயும் எறங்கு லா!" என்றார் முத்தையா.

வந்தவர் நறுக்கினார். உள்ளே நன்றாகப் புளித்த பழுப்பு. மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். மாமனார் அதன்பின் கோடாரிப் பேச்சு எடுக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் சரசு, அவர் கொட்டை நறுக்கும் சின்னக் கத்தியை என் கையில் கொடுத்தார். அது இனி என் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

"அண்ணே, அப்பா மறுபடியும் ரப்பர்ங்கறாரு. மரத்த வெட்டணுமா?"

"ஒனக்குக் கொட்ட மேல ஆட வருமா, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"அவருக்கு மிதிக்கத்தான் தெரியும், ஆட நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார், அழுதுகொண்டே சிரித்து.

மரத்தை வெட்டுவதில்லை என்று அங்கேயே பேசி முடித்தோம். காய்ப்பு முழுவதும் எனக்கு. விலை, கொட்டையை நறுக்கிப் பார்த்த பிறகு. பெட்டியில் ஆறு நாள். காயவைப்பது வெயிலில் மட்டும். என் லாரி அதற்கு முந்தி வந்தால் வெறும் லாரியாகத் திரும்ப வேண்டும்.