சவரியப்பன் துப்பாக்கியைக் கீழே வைத்த நாள்

ஆவூர் சவரியப்பனைப் பற்றிச் சொல்வதென்றால் மீசையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தெருமுனையில் முதலில் மீசை திரும்பும், அப்புறம்தான் அவர் திரும்புவார் என்று அருளம்மாளே சொல்வாள். அருளம்மாள் அவருடைய மனைவி. அவரைக் கிண்டல் செய்ய இந்தப் பூமியில் உரிமை உள்ள ஒரே ஆள்.

இளவயதில் பட்டாளத்துக்குப் போனார். அங்கே பெரும்பாலும் லாரிதான் ஓட்டினார். பனிமலையில் உருளைக்கிழங்கு மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவார். லீவில் ஊருக்கு வந்தால் ஆவூர்க்காரர்கள் உருளைக்கிழங்கைப் பற்றியா கேட்பார்கள்? எத்தனை பேரைச் சுட்டாய் என்றுதான் கேட்டார்கள். இவர் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, அதெல்லாம் வெளியில் சொல்லக்கூடாது என்றார். அவ்வளவுதான், மிச்சத்தை ஊரே பார்த்துக்கொண்டது.

பட்டாளத்திலிருந்து வந்த கையோடு கந்தர்வக்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் காவலர் வேலை கிடைத்தது. ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்து வாசலில் நிற்க வைத்தார்கள். நின்றார். பதினெட்டு வருஷம் நின்றார். அத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கி வங்கிக்குள் ஒரு பல்லியைக்கூடப் பயமுறுத்தியதில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் அதற்கு மவுசு வரும். மேனேஜரின் பைக்குக்கும் பணம் எண்ணும் மிஷினுக்கும் நடுவில் அதைச் சாய்த்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றுவார்கள். சவரியப்பன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், அன்றைக்குப் பொரிகடலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராகப் போய்க் கொடுப்பார். சாமி எதுவானால் என்ன, துப்பாக்கி நம்முடையதல்லவா என்பது அவர் கட்சி.

ரிட்டயர் ஆகி ஆவூருக்கே வந்துவிட்டார். வந்து சும்மா இருக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் நிலவழகன் வந்து சேர்ந்தான்.

நிலவழகன் கீரமங்கலத்துப் பையன். அப்பாவுக்குப் பூ கமிஷன் கடை. பையன் சென்னைக்குப் போய்ச் சினிமா கற்றுக்கொண்டு, முதல் படமாக ஒரு வங்கிக் கொள்ளைக் கதையை எடுக்கத் தொடங்கியிருந்தான். கந்தர்வக்கோட்டையில் மூடிக் கிடந்த ஒரு ஜவுளிக்கடையை வங்கியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த டீக்கடையில் யாரோ, காவலர் வேஷத்துக்கு ஆள் தேடாதே, அசலே ஆவூரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பையன் வந்து மீசையைப் பார்த்தான். பார்த்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

சவரியப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கையில் துப்பாக்கி உண்டா? உண்டு என்றான் பையன். மற்ற விவரத்தை இவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஊருக்குள் படத்தின் கதை கிளம்பிவிட்டது. கொள்ளைக்காரர்கள் ஒரு கும்பலாக வருகிறார்கள், சவரியப்பன் ஒண்டியாக நின்று அடிக்கிறார். கதையைக் கட்டியது அவரல்ல, சத்தியமாக அல்ல. அவர் மீசையைத் தடவினார், அவ்வளவுதான். படம் வந்ததும் புதுக்கோட்டைத் தியேட்டருக்கு வேன் பிடித்துப் போவதென்று தெருவே பேசி முடித்துவிட்டது. அருளம்மாள் மட்டும், இவ்வளவு ஆட்டம் ஆகாதுங்க என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

ஷூட்டிங்கில் முதல் இரண்டு நாளும் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் காலையிலேயே யூனிபார்மை மாட்டிக்கொண்டு ஜவுளிக்கடை வாசலில் உட்கார்ந்துவிடுவார். அங்கே அவருக்குப் பிடித்துப் போனது ஒரு நீல டிரங்குப் பெட்டி. படத்தின் துப்பாக்கிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. சாவி அரவிந்த்குமார் என்ற ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆளிடம். அவன் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சவரியப்பன் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். கும்பலின் தலைவனுக்கு ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின்கன். முழுக்க மரம், மேலே கறுப்புப் பெயிண்ட். பிடித்தால் உள்ளங்கையில் ஒட்டும். கும்பலில் ஒரு பெண் உண்டு, அவளுக்குக் கைக்கு அடக்கமாக ஒரு பிஸ்டல். தீபாவளிக் கேப் வைத்து அழுத்தினால் நெருப்புப் பொறியோடு படாரென்று வெடிக்கும். படத்திலேயே சத்தம் போடுகிற துப்பாக்கி அது ஒன்றுதான். கார் ஓட்டுகிறவனுடையது ரப்பர். மறந்துபோய் அதன்மேல் உட்கார்ந்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும், அப்புறம் நிமிர்த்த வேண்டும். ஹீரோவுடையது வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. அதை மட்டும் அரவிந்த்குமார் கைக்குழந்தையைப் போலத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

காவலருக்கும் ஒரு ரெட்டைக்குழல் செய்திருந்தார்கள். இரண்டு இரும்புக் குழாய், பலா மரத்தில் கட்டை. கையில் வாங்கியதும் சவரியப்பன் குழாயை வேட்டி நுனியால் துடைப்பதுபோல உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தார். பழைய துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து தோளில் ஏதோ குறைந்தது போலவே இருந்தது அவருக்கு. பொம்மையோ நிஜமோ, தோளில் மாட்டியதும் மனுஷன் ஒரு சாண் உயர்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஆயுத பூஜை. மறுநாள் ஹீரோ வேறு படத்துக்குப் போக வேண்டும். கொள்ளைக் காட்சியை அன்றைக்கே முடித்தாக வேண்டும் என்பதால், பூஜையைக் காலையிலேயே வைத்துக்கொண்டார்கள். கேமராவுக்கும் விளக்குகளுக்கும் பொட்டு வைத்த அரவிந்த்குமார், பெட்டியிலிருந்த துப்பாக்கிகளையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டான். வழக்கமாகச் செய்கிறதுதானே என்று யாரும் யோசிக்கவில்லை. கற்பூரம் காட்டி, பொரி கொடுத்து, பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படமெடுக்கப் போனார்கள்.

வங்கியில் வரிசையில் நிற்க உள்ளூர்ப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார்கள். அருளம்மாளும் வந்திருந்தாள், கணவர் சுடுவதைப் பார்க்க வேண்டுமே. அவளுக்குப் பின்னால் ராசாத்தி. பக்கத்துக் கிராமத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கிறவள், சவரியப்பன் காவல் நின்ற வங்கியில் வருஷக்கணக்காக நகையை வைப்பதும் திருப்புவதுமாக இருந்தவள். இவரைப் பார்த்ததும், என்னண்ணே, இன்னும் அதே மீசை என்று விசாரித்தாள்.

நிலவழகன் காட்சியைச் சொன்னான். கும்பல் உள்ளே வருகிறது. ஹீரோ வெள்ளித் துப்பாக்கியைக் காவலரின் நெற்றியில் வைக்கிறான். காவலர் தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு முட்டி போடுகிறார். ஹீரோ அதைக் காலால் எத்தி ஓரமாகத் தள்ளுகிறான்.

சவரியப்பன், அப்புறம் என்றார்.

அப்புறம் அவ்வளவுதான், கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இருக்க வேண்டும் என்றான் பையன்.

ஆவூர்த் தெரு முழுக்க வேனில் ஏறி வந்து, டிக்கெட் வாங்கி, முறுக்கைக் கடித்துக்கொண்டு இதையா பார்க்கப் போகிறது? சவரியப்பன் முட்டி போடுவதையா? இனிமேல் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? செத்தாலும் கல்லறை வரைக்கும் இந்தக் கதை கூடவே வருமே. என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தார். காலையில் போட்ட பூஜை ஞாபகத்துக்கு வந்தது.

"தம்பி, பூசை போட்ட சாமான். அதைத் தரையில போட்டுக் கால்ல எத்துறதாவது. நம்மால ஆகாது."

சொன்னதுதான் தாமதம், வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அதானே, நல்ல நாள் அதுவுமா என்றாள் ஒருத்தி. ராசாத்தி ஒரு படி மேலே போய், புஸ்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், சந்தனம் வைத்த சாமானை எத்தினால் இந்தப் படம் விளங்குமா என்று கேட்டுவிட்டாள். லைட் பிடிக்கிற ஆட்கள்கூட ஆமாம் போட்டார்கள். அரவிந்த்குமாருக்குத் தன்னால்தானே இவ்வளவும் என்று முகம் செத்துவிட்டது. பொட்டைத் துடைத்துவிட்டோமே என்று அவன் முனகியது எடுபடவில்லை. ஹீரோ நல்ல பிள்ளை. எனக்கும் எத்த மனசில்லை சார் என்று ஒதுங்கி உட்கார்ந்துவிட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிலவழகன் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கும் கவுண்டருக்கும் நடந்தான்.

சவரியப்பனுக்கு உள்ளுக்குள் பரம திருப்தி. காட்சியையே மாற்றிவிடுவான், ஒரு குண்டாவது சுட விடுவான் என்று நினைத்தார். பையனோ நேராக இவரிடம் வந்தான்.

"சரிங்கய்யா, நீங்க சொல்றது ஞாயந்தான். எத்த வேணாம். நீங்களே கையால மெதுவா வச்சு, கையாலேயே தள்ளி விட்ருங்க. போதுமா?"

பெண்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோஷம். பிரச்சினை தீர்ந்தது என்று சேலையைச் சரிசெய்துகொண்டு வரிசையில் போய் நின்றார்கள். தீராதது இவருக்கு மட்டும்தான். இருந்த ஒரே சாக்கையும் பையன் இவ்வளவு மரியாதையாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டானே. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போய்விட்டார். ஜவுளிக்கடைக்காரர் விட்டுப்போன ஒரு பொம்மை அங்கே பட்டுப் பாவாடையோடு நின்றது. அதன் பக்கத்தில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அருளம்மாள் பின்னாலேயே வந்தாள். அவளுக்கா தெரியாது?

"பூசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊரு சிரிக்கும்னு பயம். அதானே?"

அவள் அதோடு விடவில்லை. சரி, நிஜமாகவே அப்படி ஒருத்தன் வந்து நெற்றியில் வைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், அதைச் செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள்.

என்ன செய்திருப்போம் என்பது சவரியப்பனுக்குத் தெரியும். வங்கியில் சேர்ந்த முதல் வாரமே அதை முடிவு செய்திருந்தார். முதியோர் பணம் வாங்க அன்று கூட்டமான கூட்டம். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கிழவிகள், இடுப்பில் பிள்ளையோடு நின்றவர்கள், வாசல்படி வரைக்கும் ஆட்கள். துப்பாக்கியோடு நின்றவர் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். இங்கே எந்தப் பக்கம் திரும்பிச் சுட்டாலும் யாரோ ஒருவர் மேல் பட்டுத் தொலைக்கும். எவனாவது வந்தால் கீழே வைத்துவிட வேண்டியதுதான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். தீர்மானித்தாரே ஒழிய, அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. காவல்காரன் வாயால் சொல்கிற விஷயமா அது? தான் ஒரு கோழை, மீசை வைத்த கோழை என்ற நினைப்பு பதினெட்டு வருஷமும் அவருக்குள் இருந்தது. சம்பளம் வாங்குகிற ஒவ்வொரு மாசமும் லேசாக உறுத்தும். அந்த உறுத்தலைத்தான் இப்போது வெளிச்சம் போட்டு ஊருக்கே காட்டப் போகிறார்கள்.

எழுந்தார். முகத்தைக் கழுவினார். போய்த் தன் இடத்தில் நின்றார்.

ஆக்‌ஷன் என்றதும் கும்பல் உள்ளே பாய்ந்தது. அந்தப் பெண் மேலே பார்த்துக் கேப் துப்பாக்கியை வெடித்தாள். வரிசையில் நின்றவர்கள் நிஜமாகவே அலறிவிட்டார்கள். வெள்ளித் துப்பாக்கி நெற்றியில் வந்து ஒட்டியது. சவரியப்பன் ஹீரோவைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டிருந்த அருளம்மாளை, ராசாத்தியை, ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற பக்குவத்தில் தரையில் வைத்தார். உள்ளங்கையால் மெல்லத் தள்ளிவிட்டார். முட்டி போட்டுக் கையைத் தூக்கினார். கண்ணில் நீர் நின்றது. நடிப்பென்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரே டேக்கில் ஓகே ஆனது. நிலவழகன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். லைட்காரர்கள் கை தட்டினார்கள். சவரியப்பனுக்கு அதெல்லாம் ஒரு மாதிரியாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, பெண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பக்கமாகப் போனார். ராசாத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்ப நம்ம பேங்குல நெசமாவே திருடன் வந்திருந்தா சுட்டிருப்பீங்களா?"

பக்கத்தில் அருளம்மாள் இருந்தாள். டீ கொடுக்கிற பையன் இருந்தான், ஆவூருக்குப் போய்ச் சொல்லக்கூடிய வாய்கள் நாலைந்து இருந்தன. சவரியப்பனின் கை மீசைக்குப் போகவில்லை.

"இல்லம்மா. இப்ப வச்சேன்ல, இப்படியேதான் கீழ வச்சிருப்பேன். வேலைக்குச் சேந்த அன்னையிலேர்ந்து அப்படித்தான் நெனச்சுக்கிட்டு நின்னேன்."

ராசாத்தி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? நகையைத் திருப்ப வர்றப்பல்லாம் வயித்தைப் பிசையும் எனக்கு. எங்க பக்கத்து பொம்பளைங்க எல்லாருக்கும் அதே பயந்தான். திருடனுக்கு யாரு பயந்தா? எவனாவது வந்தா நீங்க சுட்டுப்புடுவீங்களேன்னுதான்."