கூட்ஸ் வண்டியில் வந்த வாத்தியார்

என் அப்பா லெட்சுமணனுக்கு வாய் நீளம். இங்கிலீஷ் மட்டும் ரொம்பக் குட்டை. கடல் தாண்டிப் போய், பாலோ ரயில் ஸ்டேஷனில் ரப்பர் மூட்டை ஏற்றும் ஆள் அவர். மூட்டைக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே கொட்டகை. கணக்கெழுதும் கிராணிக்குத்தான் தனி வீடு. ஊரிலிருந்த அம்மா, "பத்து ஆம்பளைங்க படுக்கிற கொட்டகைக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நியாயம்தானே! அவர் கப்பலேறிய பிறகு பிறந்தவள் நான். அதுவரை என்னை அவர் பார்த்ததே இல்லை.

சரக்குக் கிராணி வேலை இரண்டு வருஷத்தில் காலியாகப் போகிறது, துரை முன்னால் இங்கிலீஷ் வாசித்துக் காட்டுகிறவனுக்கு அது கிடைக்கும் என்று தெரிந்ததும் அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. அவருக்கு எழுத்துக்கூட்ட மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள், ஜோகூர் பாரு போகும் கூட்ஸ் வண்டியின் கதவுக்கு உள்பக்கம் சுண்ணக்கட்டியால் 'லோட்' என்று இங்கிலீஷில் கிறுக்கினார். அதே வண்டி அந்த வாரமே அரிசியோடு திரும்பியது. அவர் எழுத்துக்கு முன்னால் யாரோ 'அன்' சேர்த்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டார். ஏற்றுவது இப்போது இறக்குவதாகிவிட்டது என்றார் அவர்.

அப்பா அசந்துபோனார். முன்னால் ஒரு துண்டு ஒட்டினால் வேலையே தலைகீழாகிவிடுகிறதே! ஜோகூர் பாருவில் பெரிய படிப்பாளி ஒருவர் உட்கார்ந்து தன்னைச் சோதிக்கிறார் என்று முடிவு கட்டினார். அவரிடம் மானம் போகலாமா? ஸ்டேஷன் மாஸ்டரைக் குடைந்தெடுத்து, பின்னால் 'இங்' சேர்த்து அனுப்பினார். 'கேர்' என்று அனுப்பினால் 'கேர்ஃபுல்' ஆகித் திரும்பியது. இவர் அந்த வாலை அழித்து, 'லெஸ்' போட்டு அனுப்பினார். கவனம் கவனமின்மையாகிவிட்டதாம்! அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. பரீட்சையன்று துரை நீட்டிய காகிதத்தில் கண்டே இராத நீளச் சொற்கள். அப்பா தலையையும் வாலையும் விரலால் மறைத்து, நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு வாசித்து முடித்தார். வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் அழுதுவிட்டார்.

மறுநாளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஜோகூர் பாரு சரக்குக் கொட்டகைக்குப் போய், வண்டிக் கதவில் எழுதுகிறவர் யார் என்று விசாரித்தார். முதுகில் அரிசி மூட்டையோடு ஒருவர் திரும்பிப் பார்த்தார். பெயர் ருக்னுதீன்.

"வாத்தியாரே, ஒங்களக் கும்பிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அலமாக், ஐயையோ! நான் மூட்டை எறக்குறவன்லா. பாலோ வாத்தியாரு நீங்கதானே? நீங்க ஏத்துறத எழுதுனீங்க, நான் கிராணியக் கேட்டு என் வேலைய எழுதுனேன். அப்புறம் ஒங்களுக்குப் பதில் எழுதணுமேன்னு கடைகடையா கேட்டு அலைஞ்சேன். இன்னிக்கு ஊர்ல இருக்கிற போர்டெல்லாம் படிக்கிறேன்னா ஒங்களாலதான்."

இரண்டு பேரும் அந்தப் பழத்தை அங்கேயே தின்று தீர்த்தார்களாம்.

அடுத்த மாதம் அம்மாவும் நானும் சிங்கப்பூரில் கப்பலைவிட்டு இறங்கினோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ருக்னுதீன் மாமாதான் வந்து அழைத்துப்போய், ஜோகூர் பாருவில் என்னைத் தூக்கி ரயிலில் ஏற்றிவிட்டார். பாலோவில் என்னை இறக்கியவர் அப்பா. வாய் நீளமான மனிதர், அன்று சொன்னது ஒரே வார்த்தைதான்: "அன்லோட்!"