ஊதாவாக நின்ற டிங்சர்

தளி மாட்டாஸ்பத்திரியில் நான் அட்டெண்டராக இருந்தபோது மதுவிலக்கு அமலில் இருந்தது. காயத்தில் தடவும் டிங்சருக்கான ஸ்பிரிட்டைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். கம்பவுண்டர் அதை அளந்து ஒரு சீசாவில் ஊற்றிக் கொடுப்பார். நான் அயோடின் மணிகளைப் போட்டுக் குலுக்குவேன். பழுப்பாகிவிடும். ஐந்தாவதோடு நின்றவனுக்கு இங்கிலீஷ் லேபிள் தெரியாது. மோந்து பார்த்துத்தான் எந்த மருந்து என்று கண்டுகொள்வேன்.

அன்று எனக்குக் கடும் சளி. மேஜையில் ஒரே மாதிரி இரண்டு சீசாக்கள் இருந்தன. ஒன்றில் ஸ்பிரிட், மற்றதில் ஜவளகிரி ஆட்டுக்காரருக்கு அளந்து வைத்த ஈரல்புழு மருந்து. இரண்டும் தண்ணீர்போலத் தெளிவு. நான் எடுத்தது கையில் கனத்தது. கம்பவுண்டர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டார் என்று நினைத்தேன். மற்றதை ஆட்டுக்காரர் வாங்கிப் போனார்.

குலுக்கிய சீசா பழுப்பாகவில்லை. நாவல்பழச் சாறுபோல ஊதாவாக நின்றது.

கம்பவுண்டர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்பா, ஸ்பிரிட்டு எங்க?"

"அதுலதான் சார்..."

"புண்ணுக்குப் போடற வயலெட் மருந்தத் தண்ணியில கலக்கி வெச்சிட்டு, எனக்கே கதை சொல்றியா? வாயே தொறக்காம கமுக்கமா இருக்கறவன்தான் குடிப்பான்."

வெளியே மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். "பொண்டாட்டியா புள்ளையா, அவருக்கும் பொழுது போவணுமில்ல" என்றார் ஒருவர்.

குடித்தவன் என்று டாக்டர் எழுதினால் வேலை போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தேன். நான் குடிப்பதில்லை என்று சொல்ல எனக்கென்று ஓர் ஆள் இல்லை.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சீசாவை மோந்து பார்த்தார். கண்ணாடிக் குழாயில் நாலு சொட்டு விட்டு, அலமாரியைத் திறந்து ஸ்பிரிட்டை எடுத்து அந்தச் சொட்டுகள்மேல் ஊற்றினார். என் கண் முன்னால் ஊதா மறைந்து பழுப்பு வந்தது.

"வயலெட் மருந்தா இருந்தா ஊதாவாவேதான் இருக்கும். இது அயோடின். ஸ்பிரிட் கிடைச்சா அதைப் போய்ப் பிடிச்சுக்கும், பழுப்பாயிடும். பிடிச்சுக்க எதுவும் இல்லேன்னா இப்படி ஊதாவா நிக்கும். நீங்க போட்டது ஆட்டு மருந்துலங்க. ஸ்பிரிட் ஜவளகிரி போயிருக்கு."

புது மருந்தை வாங்கிக்கொண்டு சைக்கிளில் விரைந்தேன். ஆட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏன் சாமி, ஆட்டுக்குச் சாராயமா குடுத்தனுப்பறது? மூடியத் தொறந்ததும், படுத்திருந்த எங்கப்பாரு எழுந்து உக்காந்துட்டாரு!"

நல்லவேளை, ஒரு சொட்டும் குறையவில்லை. திரும்பி வந்ததும் கம்பவுண்டர் சீசாவை அளந்து பார்த்தார். "அளவு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பூட்டினார்.

காலையில் சிரித்தவர்கள் எப்போதோ மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் யாரும் அந்தப் பழுப்பைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவர்களில் ஒருவர் காளையோடு வந்தார். "இன்னிக்கு என்ன கலருங்க?" என்று கேட்டுக் கண்ணடித்தார். ஜவளகிரிவரை போய் வந்ததைச் சொல்லலாம் என்று வாய் எடுத்தேன். வரவில்லை. காளையின் கயிற்றை வாங்கிக் கம்பத்தில் கட்டினேன்.