எங்கள் ரோபோ ஓடிய கோலம்

காலை ஒன்பதே காலுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியின் கூட்ட அறை வாசலில், கோலமாவு டப்பாவோடு நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம், "சார், உள்ளயும் போடவா?" என்று கேட்டார்கள். "போடுங்கம்மா, நல்லா பெருசாப் போடுங்க" என்றேன். அந்த நிமிடத்தில்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் யாராவது என்னிடம் மரியாதையாக அனுமதி கேட்டால் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன்.

நியாயமாக அந்த வாசலில் நிற்கவேண்டியவர் இயற்பியல் டீச்சர். ராஜபாளையத்தில் என் மகள் படித்த பள்ளியில், பிளஸ் ஒன் பெண்கள் நாலு பேரைச் சேர்த்து ரோபோ குழு ஆரம்பித்தவர் அவர்தான். அவருக்கு அம்மை போட்டுவிட்டது. பிள்ளைகளுக்குத் துணையாகப் பெற்றோரில் யாராவது போகமுடியுமா என்று தலைமையாசிரியை கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போயிருந்தது. ஆர்வமெல்லாம் இல்லை, பயம். மகள் மாடிப்படி ஏறினாலே கீழே நின்று கைகளை விரித்துக்கொண்டிருக்கும் ஆள் நான். பஞ்சாலை அலுவலகத்தில் வேலை, படித்தது பி.எஸ்ஸி. வேதியியல், மின்சாரம் என்றால் ஸ்விட்சைக்கூட விரல் நுனியால்தான் தொடுவேன். அவள் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்த நாளிலிருந்து தீக்காயக் களிம்பு ஒன்று என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவளுக்கு ஒருதரம்கூடச் சுடவில்லை. அந்த ட்யூபைத் தீர்த்தது நான், இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொண்டு.

ரோபோ என்றதும் கை கால் முளைத்த எந்திர மனிதனை நினைக்கவேண்டாம். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய வைப்பர் மோட்டார் இரண்டு, ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று, மூன்று சக்கர சைக்கிளின் சக்கரங்கள், எல்லாவற்றையும் ஒரு பலகையில் முடுக்கியிருந்தார்கள். முன்பக்கம், தரையை ஒட்டி, வெளிச்சத்தை உணரும் இரண்டு கண்கள். நடுவில் ஒரு சிறிய பல்பு. கருப்புத் தரையில் வெள்ளைக் கோடு போட்டால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகும். கோடு வளைந்தால் வளையும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நான் பார்த்துவிட்டு, "தலை வேணும்மா, தலை இல்லாட்டி யாரும் நம்பமாட்டாங்க" என்று பிடிவாதம் பிடித்து ஒரு பால் பவுடர் டின்னை மேலே கவிழ்த்து, கண், மூக்கு, சிரிக்கிற வாய் எல்லாம் வரைந்து கொடுத்தேன். என் மகள் டின்னை ஒரே ஒரு திருகாணியில் மாட்டினாள்.

வெள்ளைக் கோட்டுக்குத் துணி கொடுத்தது குழுவிலிருந்த இன்னொரு பெண். அவள் வீட்டில் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சுருளில் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டாள். நாலு பேரிலும் வாய் இவளுக்குத்தான். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், என்னிடம் இரண்டிலும் கேலி.

அன்றைக்கு ஒரு முடிவு தெரியவேண்டியிருந்தது. சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்கு ரோபோவைக் கொண்டுபோய், அங்குள்ள பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது இவர்களின் ஆசை. எங்கள் பள்ளித் தாளாளருக்கு அது வீண்வேலை. கடைசியில் இப்படிச் சொல்லியிருந்தார்: "ஸ்ரீவில்லிபுத்தூர்ல தலைமையாசிரியர் கூட்டம் இருக்கு. அங்க போய்க் காட்டுங்க. ஒரு பள்ளிக்கூடமாவது கூப்பிட்டா ஒங்க இஷ்டம். யாரும் கூப்பிடலைன்னா சாயங்காலம் ரூம் சாவியக் குடுத்துட்டு, போய்ப் பரீட்சைக்குப் படிங்க." அந்த ரூம் என்பது லேபுக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த இடம். என் மகள் அங்கே இருக்கும்போது பசி மறந்துவிடுவாள். சாவி போய்விட்டால் அவள் முகம் எப்படி ஆகும் என்று முதல்நாள் முழுக்க நினைத்து நான்தான் சாப்பிடாமல் கிடந்தேன்.

வேனில் ரோபோவை என் மடியில் வைத்துக்கொண்டேன். கீழே வைத்தால் குலுங்கும் என்று போர்வையால் சுற்றி, மொட்டை போடப் போகிற பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டு வந்தேன். இறங்கியபின் பார்த்தால் ஒரு ஒயர் பிய்ந்திருந்தது.

"எப்படிப்பா பிஞ்சது?" என்றாள் மகள்.

"ரோடு சரியில்லம்மா."

"ரோடா? நீங்க கட்டிப் பிடிச்சு நசுக்கிட்டீங்கப்பா."

நாலு பெண்களும் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒயரைப் பற்றவைக்கப் போனார்கள். அதற்கு முன்பே கூட்ட அறையின் கருப்புத் தரையில், வாசல் பக்கத்திலிருந்து முன்வரிசை நாற்காலிகள் வரை, பேண்டேஜ் துணியைப் பசை போட்டு ஒட்டி முடித்திருந்தார்கள். "இங்கயே இருங்கப்பா. யாரும் இத மிதிக்காமப் பாத்துக்கோங்க. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் மிதிக்கவில்லை. அந்தக் காவலை நான் ஒழுங்காகவே செய்தேன்.

விருந்தாளி வருகிற இடத்தில், பெரியவர்கள் உட்காருகிற இடத்தில், தரை வெறுமையாகக் கிடக்கலாமா? கிடக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. புள்ளி வைத்தார்கள்; சிக்குக் கோலம், அறையின் பாதியை அடைத்துக்கொண்டு. நான் சுவரோரம் நின்று, "அந்தப் பக்கம் கொஞ்சம் கோணுது பாரு" என்று யோசனையும் சொன்னேன். வெள்ளைத் துணியைப் பார்த்து, யாரோ ஆரம்பித்துப் பாதியில் விட்ட கரை என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அதன் நடுவிலிருந்து ஒரு வளைவை இழுத்துக் கோலத்தோடு அத்தனை அழகாகச் சேர்த்துவிட்டார்கள். நான் கைதட்டினேன்.

என் மகள் ரோபோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது தலைமையாசிரியர்கள் உட்கார்ந்தாகிவிட்டது. தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாருப்பா இது?"

"இங்கத்திப் பிள்ளைகதான். நல்லாருக்குல்ல?"

"அப்பா, இதுக்குக் கோலம் எது, பாதை எதுன்னு தெரியாதுப்பா."

"நேராப் போகச் சொல்லு."

"யாருகிட்ட சொல்ல?"

துணிக்காரப் பெண் குனிந்து, தாவணி நுனியால் அந்த வளைவைத் துடைக்கப் போனாள். உடனே அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, "ஏட்டி, என்ன பண்ணுத? எங்க பிள்ளைக வேர்க்க வேர்க்கப் போட்டுருக்குக" என்றார். கோலம் போட்ட சிறுமிகள் மாவுக் கையோடு வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காரியம் ஆரம்பிக்கும் முன்னால், போட்டவர்கள் கண் எதிரேயே கோலத்தை அழிக்க எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் தைரியம் இல்லை. "ஒண்ணும் ஆகாது, ஓடட்டும்" என்று மகளின் காதில் சொன்னேன்.

ஓடியது. ரோபோவின் முதுகில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டும். இதுவும் என் யோசனைதான். பிள்ளைகள் சாக்பீஸ் டப்பா வைக்கலாம் என்றார்கள், நான்தான் மங்களகரமாக இருக்கட்டும் என்றேன். துணியின்மேல் கொஞ்ச தூரம் அழகாக வந்தது. முன்வரிசையில் நடுவே இருந்த பெரியவர் சந்தனம் எடுக்கக் கையை நீட்டினார். ரோபோ யோசிப்பதுபோல ஒரு கணம் நடுங்கிவிட்டு, வளைவில் திரும்பிக் கோலத்துக்குள் போய்விட்டது.

பிறகு அது வெளியே வரவில்லை. சிக்குக் கோலத்துக்கு ஆரம்பம் ஏது, முடிவு ஏது? ஒரு சுழியைச் சுற்றி, அடுத்த சுழிக்குள் நுழைந்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் குழம்பாமல் நேராகத் தாண்டி, மறுபடி சுற்றி, போட்ட பிள்ளைகளின் கைபோன வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. முதல் சுற்றுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். "கோலத்துமேலயே போகுது பாருங்கய்யா" என்று ஒருவர் வியந்தார். இரண்டாவது சுற்றிலும் பெரியவரின் கை நீட்டியபடியே இருந்தது. தட்டு வரும், விரல் கிட்டே போகும், தட்டு திரும்பிவிடும். மூன்றாவது தடவை அவர் கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு குரல், "செத்த நேரம் இருங்க, மயக்கம் வந்து அதுவா விழுந்துரும்" என்றது.

அதற்குள் சக்கரங்கள் மாவை வாரி இறைத்துத் தரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. எங்கு பார்த்தாலும் பாதை. ரோபோவுக்கு வெறி பிடித்துவிட்டது; தட்டிலிருந்த சந்தனக் கிண்ணம் கவிழ்ந்து தரையில் கொட்டியது. பெரியவரின் வேட்டி நுனி தரையில் புரண்டுகொண்டிருந்தது. அது இன்னும் நல்ல வெள்ளை. நேராக அங்கே போனது. பெரியவர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். துணிக்காரப் பெண் பதற்றத்தில் வீட்டுப் பேச்சுக்குப் போய்விட்டாள், "ஆகு! ஆகு!" என்று நில்லு நில்லு என்பதைத் தெலுங்கில் கத்தினாள். அந்த ரோபோவுக்குத் தமிழும் தெரியாது. என் மகள், "அப்பா, நீங்க வராதீங்க, பின்னால ஸ்விட்ச் இருக்கு, நான்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் பாய்ந்துவிட்டேன். சிந்திய சந்தனத்தில் கால் வழுக்கியது. விழுகிறவன் எதையாவது பிடிப்பான்; நான் தலையைப் பிடித்தேன். டின் கையோடு வந்துவிட்டது. கோலத்தின் நடுவில் நான் உட்கார்ந்திருக்க, என் கையில் கண் மூக்கு வரைந்த தலை சிரித்துக்கொண்டிருந்தது. மகள் சாவதானமாக வந்து ஸ்விட்சை அணைத்தாள்.

வடையும் காபியும் வந்தன. வந்தவர்கள் நல்லவர்கள், யாரும் எங்கள் முகத்துக்கு நேரே சிரிக்கவில்லை. பிள்ளைகள் நாலு பேரும் ஒவ்வொருவரிடமாகப் போய், உங்கள் பள்ளிக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள்.

"பரீட்சையெல்லாம் முடியட்டும்மா, பொறவு பாப்போம்" என்றார் ஒருவர்.

"எங்க ஊர்ல அடிக்கடி கரண்ட் போயிருமே" என்றார் சோழபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்.

"இது பேட்டரியில ஓடும் சார்" என்றாள் என் மகள்.

"பேட்டரியும் போயிரும்லம்மா?"

வேட்டிக்காரப் பெரியவர் மட்டும் கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "அடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அறை காலியானது. பிள்ளைகள் ஈரத்துணி வாங்கித் தரையைத் துடைத்தார்கள். பேண்டேஜைப் பிய்த்துச் சுருட்டினார்கள். துணிக்காரப் பெண் என்னைப் பார்த்து, "மாமா, அடுத்த தடவ கலர்ப்பொடி வாங்கி ரங்கோலியாப் போடச் சொல்லுங்க, எடுப்பா இருக்கும்" என்றாள். மற்ற இருவரும் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினார்கள். என் மகள் சிரிக்கவில்லை. சக்கர இடுக்கில் அடைத்திருந்த மாவைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். நோண்டியபடியே, "நேராப் பள்ளிக்கூடத்துக்கே போயிருவோம்ப்பா. சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவோம்" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். இல்லை.

போகிற வழியில் பால்கோவா வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேதியியல் படித்த மூளை, அவசரத்தில் இவ்வளவுதான் வேலை செய்யும். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் வாசல்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்போது அவள் கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் போய்வருகிறாள். பஸ் கொஞ்சம் தாமதமானால் தெருமுனையில் போய் நின்றுவிடுகிறேன். அதே பார்வையை வாரம் ஒருமுறையாவது வாங்குகிறேன்.

வேனில் சாமான்களை ஏற்றும் நேரத்தில் ஒரு அம்மா வேகவேகமாக உள்ளே வந்தார். கையில் குடை, செருப்பெல்லாம் புழுதி, சேலை முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தார். தேவதானம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. "பஸ்ஸு சேத்தூர்லயே நின்னு போச்சு. முடிஞ்சிருச்சா கூட்டம்?" என்றார். முடிந்துவிட்டது என்றேன். தலை முதல் கால் வரை மாவும் சந்தனமுமாக இருந்த என்னைப் பார்த்து, "நீங்க வேன் டிரைவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதையான வேலை அது.

அவர் பிள்ளைகளிடம் போனார். பலகையைக் குனிந்து பார்த்தார். "இதுதான் அதா? எம்புட்டு வெயிட்டு இருக்கும்?" என்று ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். சக்கரத்தைக் கையால் உருட்டினார். என்ன செய்யும் என்று கேட்டார். என் மகள் சொன்னாள். இன்றைக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்தே சொன்னாள். துணிக்காரப் பெண் அவள் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

"எங்க பள்ளிக்கூடத்துல தரை மண்ணுதான்" என்றார் அந்த அம்மா.

என் மகள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். "மண்ணுல இது ஓடாது டீச்சர்" என்றாள்.

அவர் குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஓடாட்டிப் போகுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டாங்க. எங்க பிள்ளைக தள்ளிவிட்டுக்கிடும்."